ஜெயித்த பிறகு வந்த சோர்வு: ஓட்டத்துக்கும் அரசியலுக்கும் தெம்பை எங்கே தேடுவது?

#1 நடுத்தூரம்

வயது 36. பதினைந்து வருடமாக ஓடுகிறேன். 1500 மீட்டரும் 5000 மீட்டரும் என் தூரங்கள். பெரிய ஆள் கிடையாது, மூத்தோர் போட்டிகளில் எப்போதாவது மூன்றாவது இடம் கிடைக்கும், அவ்வளவுதான். 5000 மீட்டரை 17 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது ஆறு வருட ஆசை. நான்கு மாதத்துக்கு முன்னால் 16:58-ல் முடித்தேன்.

அடுத்த ஐந்தாவது வாரம் உள்ளாட்சித் தேர்தல். எங்கள் கிளையில் பூத் வேலை முழுக்க என் தலையில். வாக்காளர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். எங்கள் வேட்பாளர் 41 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இரண்டிலும் ஜெயித்தாயிற்று. அன்றிலிருந்து எதுவும் ஓடவில்லை. காலையில் அலாரம் அடிக்கிறது, எழுந்தும் விடுகிறேன். கட்டிலில் உட்கார்ந்து இடது ஷூ நாடாவைக் கட்டுவேன். வலது ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். நேற்று மணி பார்த்தேன், 25 நிமிடம். பிறகு இடது நாடாவையும் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். கிளைக் கூட்டத்துக்குத் தொடர்ந்து மூன்று முறை போகவில்லை. குழுவில் வரும் செய்திகளைப் பார்க்கிறேன், பதில் போடுவதில்லை.

தோற்றுப்போய்ச் சோர்ந்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். இது என்ன கணக்கு? விளையாட்டிலோ அரசியலிலோ ஊறியவர்கள் சொல்லுங்கள். சூரிய உதயத்துக்கு எதிரே ஒருவர் கையை விரித்து நிற்கும் மோட்டிவேஷன் வீடியோ மட்டும் யாரும் அனுப்ப வேண்டாம். என்னிடமே நாற்பது இருக்கிறது.

#2 வெறும்பார்வை

வயசாயிடுச்சு பாஸ். இதுக்குப் போய் இழை எல்லாம் தொடங்கிக்கிட்டு.

#3 விசில்கிழவர்

தம்பி, மனசுதான் காரணம்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி உடம்பைப் பாருங்க. 28 வருஷம் தடகளக் கோச்சா இருந்தவன் சொல்றேன்.

என்கிட்ட 800 மீட்டர் ஓடின ஒரு பொண்ணு. நல்ல திறமை. ஒரு சீசன்ல திடீர்னு மூணாவது இன்டர்வலுக்கே (விட்டு விட்டு வேகமா ஓடுற சுத்து) மூச்சு வாங்கி நிக்க ஆரம்பிச்சா. "அக்கறை இல்லை, போன் பாக்குற நேரம் ஜாஸ்தி" அப்படின்னு மூணு மாசம் திட்டினேன். டிராக் ஓரமா உக்காந்து ஸ்பைக்ஸைக் கழட்டிட்டே, "வரணும்னுதான் சார் நினைக்கிறேன், கால் வரல"ன்னு சொன்னா. அதையும் சாக்குன்னுதான் எடுத்துக்கிட்டேன். கடைசில அவங்க அம்மா ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஹீமோகுளோபின் சரியாத்தான் இருந்துச்சு. ஃபெரிட்டின், அதாவது உடம்புல இரும்புச்சத்து சேமிப்பு எவ்வளவு இருக்குன்னு காட்டுறது, அது தரைமட்டம். மாத்திரை ஆரம்பிச்சு சில மாசத்துல பழைய ஓட்டம் வந்துருச்சு. நான் திட்டினது மட்டும் இன்னும் அப்படியே இருக்கு, எனக்குள்ள.

தூரம் ஓடுறவங்களுக்கு இரும்பு குறையறது சகஜம். வியர்வை, குடல், பாதம் தரையில அடிக்கும்போது உடையுற சிவப்பணு, எல்லா வழியிலயும் கொஞ்சம் கொஞ்சமா போகும். அதோட, செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடாம ஓடினாலும் உடம்பு கடையைச் சாத்திடும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், எதுலயும் நாட்டம் இருக்காது. பாக்குறவங்களுக்கு அது சோம்பேறித்தனமாத் தெரியும்.

கேள்வி மூணு. பிரச்சார நேரத்துல ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க? எடை குறைஞ்சுதா? காலையில எழுந்திருக்கும்போது நாடித்துடிப்பு வழக்கத்தை விட ஏறியிருக்கா?

#4 சதுரங்கப்பித்தன்

ஜெயித்த பிறகு வரும் வெறுமைக்குச் சதுரங்கத்தில் இருப்பதைப் போல நல்ல உதாரணம் வேறு எங்கும் கிடைக்காது (சரி, எனக்கு எல்லாமே சதுரங்கம்தான்).

மேக்னஸ் கார்ல்சன் 2013-ல் உலகச் சாம்பியன் ஆனார். 2014, 2016, 2018, 2021 என்று நான்கு முறை பட்டத்தைக் காத்தார். 2022 ஜூலையில், அடுத்த பட்டப் போட்டியில் ஆடப் போவதில்லை என்று அறிவித்தார். யாரும் தோற்கடிக்கவில்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. இன்னொரு பட்டப் போட்டி ஆட உந்துதல் இல்லை, அதில் தனக்குப் பெரிதாகக் கிடைக்கப் போவது எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். உலகத்திலேயே மிகச் சிறந்தவர், மாதக்கணக்கில் தயாரிப்பு வேலை செய்ய மனம் வரவில்லை என்கிறார்!

ஆனால் அவர் விட்டது அந்த ஒரு போட்டியை மட்டும்தான். விரைவுச் சதுரங்கம் ஆடினார், 2023-ல் உலகக் கோப்பையை ஜெயித்தார். எதில் ஆசை செத்துப்போயிற்று, எதில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுபக்கம் ஆனந்த். 2013 நவம்பரில், சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அத்தோடு முடிந்தது என்று ஆள் ஆளுக்கு எழுதினார்கள். நான்கு மாதம் கழித்து, உலகச் சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் 14 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் முதலிடம். அப்போது அவருக்கு வயது 44. தோல்வி ஒருவரைக் கிளப்பிவிட்டது, வெற்றி இன்னொருவரை உட்கார வைத்துவிட்டது. உங்களுடையது கார்ல்சன் வகை என்று தோன்றுகிறது.

#5 வெறும்பார்வை

16:58 ஓடினவருக்கு கார்ல்சன் வியாதியா. சூப்பர்.

#6 கறுப்புமை

தம்பி, நீங்கள் ஓட்டத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறீர்கள், அரசியலைப் பற்றி இரண்டே வரி. அந்த இரண்டு வரியில்தான் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நான் கட்சி வேலையில் 22 வருடம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், நெறியாளர் வந்துவிடுவார்.

தேர்தல் முடிந்த மறுநாள் தேர்தல் அலுவலகம் எப்படி இருக்கும் தெரியுமா? உங்களுக்குத் தெரியும். வாடகை நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். சுவரில் ஒட்டிய பட்டியலில் பென்சிலால் போட்ட குறிகள் அப்படியே இருக்கும். போட்டவருக்குச் சரி, போடாதவருக்குச் சுழி, சந்தேகத்துக்குக் கேள்விக்குறி. முந்தின நாள் வரைக்கும் ஒரு கேள்விக்குறிக்காக மூன்று மாடி ஏறியிருப்போம். இன்று அந்தத் தாளைக் கிழிப்பதற்குக்கூட ஆள் இருக்காது. எத்தனையோ நல்ல தொண்டர்களை நான் அந்த அறையில்தான் தொலைத்திருக்கிறேன். தோற்ற தேர்தலில் போனவர்களைவிட ஜெயித்த தேர்தலில் போனவர்களே அதிகம்.

விளையாட்டில் கோடு இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. ஓடி முடித்ததும் எண் தெரிந்துவிடும். அடுத்த சீசன் வரைக்கும் ஓய்வெடுக்கச் சொல்லிக் கோச்சே அனுப்பிவிடுவார். அரசியலில் ஜெயித்தால்தான் வேலையே தொடங்குகிறது. எங்கள் பகுதியில் ஒரு தெருவிளக்குக்காக 14 மாதம் மனு எழுதினோம். ஒரு நாள் சாயங்காலம் அது எரிந்தது. கீழே நின்று நாலு பேர் பார்த்தோம், போனோம். யாரும் கை தட்டவில்லை. அதற்கடுத்த கம்பத்தில் விளக்கு இல்லை என்று மறுநாள் புகார் வந்தது.

சூசன் பி. ஆந்தனி அமெரிக்காவில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஐம்பது வருடத்துக்கு மேல் அலைந்தார். 1872-ல் சட்டத்தை மீறி ஓட்டுப் போட்டதற்காகக் கைதும் ஆனார். 1906-ல் இறந்துவிட்டார். உரிமை வந்தது 1920-ல். இறுதிக் கோட்டை மனதில் வைத்து ஓடியிருந்தால் அந்த அம்மாவால் ஐந்து வருடம்கூடத் தாங்கியிருக்க முடியாது. உங்களுக்கு 17 நிமிடமும் 41 ஓட்டும்தான் எரிபொருளாக இருந்தன என்றால், இரண்டும் எரிந்து முடிந்துவிட்டன.

#7 எண்கணக்கு

ஆய்வுகள் பக்கம் கொஞ்சம் வருகிறேன். எல்லாவற்றையும் நம்ப வேண்டாம் என்பதற்காகவும்.

விசில்கிழவர் ஐயா பிரச்சாரத்தையும் பயிற்சியையும் சேர்த்துக் கேட்டது சரியான கேள்வி. 2009-ல் சாமுவேல் மார்கோராவும் அவர் குழுவினரும் 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு நாள் 90 நிமிடம் கவனம் சிதறாமல் கணினியில் ஒரு சலிப்பான வேலை, இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப்படம் பார்ப்பது. பிறகு சைக்கிளில் முடியாமல் போகும் வரை மிதிக்க வேண்டும். ஆவணப்படம் பார்த்த நாளில் சராசரி 754 விநாடி, மூளை களைத்த நாளில் 640. இதயத்திலோ ரத்த ஓட்டத்திலோ பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் முதலிலிருந்தே அதிகச் சிரமமாக உணர்ந்தார்கள், சீக்கிரம் விட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு மறுநாள் காலை டிராக்குக்குப் போனவருக்கு இது பொருந்தாதா?

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. 2004-ல் சைக்கிள் வீரர்களுக்கு மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, வாயில் ஐந்து விநாடி வைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு துளிகூட விழுங்கவில்லை. சுமார் ஒரு மணி நேரப் பந்தயத்தில் அவர்களுடைய நேரம் ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்தது. அதே குழு இன்னொரு சோதனையில் குளுக்கோஸை நேராக ரத்தத்திலேயே ஏற்றிப் பார்த்தது. பயன் இல்லை. சக்தி வரப்போகிறது என்ற தகவல் மூளைக்குப் போனாலே போதும், அது பூட்டி வைத்ததைக் கொஞ்சம் திறந்துவிடுகிறது.

எச்சரிக்கையும் ஒன்று. மனவலிமை என்பது ஒரு பாத்திரத்தில் இருக்கும் நீர் மாதிரி, பயன்படுத்தினால் குறையும் என்று 1998-லிருந்து ஒரு கோட்பாடு கொடிகட்டிப் பறந்தது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறையக் காணாமல் போனது. "என் ஸ்டாக் தீர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

#8 வெறும்பார்வை

துப்பினா எனர்ஜி வருமா? அதான் மேடையில இருக்கிறவங்க எல்லாம் இவ்ளோ தெம்பா இருக்காங்களா.

#9 நெறியாளர்

கட்சி, தலைவர் பெயர் வைத்து உள்ளூர்ச் சண்டை இந்த இழையில் வேண்டாம். துப்புவது பற்றிய நகைச்சுவை இத்துடன் போதும்.

#10 நீர்க்கோடு

நான் நீச்சல், 200 மீட்டர் பட்டர்ஃபிளை. வயது 19, இங்கே எல்லோரையும் விடச் சின்னவள் என்று நினைக்கிறேன்.

நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2008 ஒலிம்பிக்ஸில் எட்டுத் தங்கம் வாங்கினார் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் எங்கள் போட்டிதான் எனக்கு முக்கியம். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து கடைசி 100 மீட்டர் ஒன்றுமே தெரியாமல், கை வீச்சை எண்ணிக்கொண்டே நீந்தி உலக சாதனையோடு ஜெயித்தார். அவ்வளவு மன உறுதி உள்ளவர்தான் பிறகு மனச்சோர்வில் கிடந்ததாகவும், வாழவே பிடிக்காமல் அறையை விட்டு வெளியே வராமல் இருந்ததாகவும் தானே சொன்னார். ஒவ்வொரு ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவும் 2008 ஒலிம்பிக்ஸ் தங்கத்துக்குப் பிறகு வந்த வெறுமையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். அதனால் அண்ணா, நீங்கள் ஒன்றும் விநோதமான ஆள் இல்லை. ஆனால் தூக்கம், பசி எல்லாம் போய் வாரக்கணக்கில் இப்படியே இருந்தால் டாக்டரிடம் போங்கள். ஷூவைப் பிடித்துக்கொண்டு 25 நிமிடம் என்பது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

எனக்கு எது தெம்பு தருகிறது என்று கேட்டால் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. பக்கத்து லேனில் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட அரை விநாடி வேகம். எனக்கு அவளைப் பிடிக்காது. காலை ஐந்து மணிக்கு அவள் வந்துவிடுவாள் என்பதற்காகவே நான் வருகிறேன். அவளும் அதற்காகத்தான் வருகிறாளாம், போன வாரம்தான் தெரிந்தது.

#11 எண்கணக்கு

நீர்க்கோடு சொன்னதற்கு 1898-லேயே ஆதாரம் இருக்கிறது! நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தய நேரங்களைப் பார்த்து, கடிகாரத்தோடு தனியாக மிதிப்பவரை விடப் பக்கத்தில் ஆளோடு மிதிப்பவர் வேகமாகப் போகிறார் என்று எழுதினார். விளையாட்டு உளவியலின் தொடக்கம் என்றே அதைச் சொல்வார்கள்.

#12 நடுத்தூரம்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று, ஏனென்று சொல்கிறேன்.

விசில்கிழவர் சார், பிரச்சாரத்தில் படுக்க ஒரு மணி, எழுந்திருக்க ஐந்து. எடை மூன்று கிலோ குறைந்தது, வேகத்துக்கு நல்லது என்று சந்தோஷப்பட்டேன். நாடித்துடிப்பு வழக்கமாக 48, இப்போது 57. ரத்தப் பரிசோதனைக்கு நாளை போகிறேன்.

நீர்க்கோடு, தூக்கம் இருக்கிறது, பசியும் இருக்கிறது. பயப்படாதீர்கள். ஆனால் டாக்டரிடம் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கறுப்புமை அக்கா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டுத்தான் இரண்டு நாள் எழுதவில்லை. ஜெயித்த எங்கள் வேட்பாளருக்குப் பதவியேற்ற மறுவாரம் போன் செய்தேன். வயதான ஒருவருக்கு உதவித்தொகை விண்ணப்பம் நின்றுபோய்க் கிடந்தது, அதற்காக. எடுக்கவில்லை. இரண்டாவது முறை வேறு யாரோ எடுத்து, "எந்த ஊர், யாரு நீங்க?" என்றார். நான் பெயரைச் சொன்னேன். "சொல்றேன்" என்று வைத்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெரியவர் என்னை எதிரில் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார். நான் இப்போது அந்தத் தெரு வழியாக ஓடுவதே இல்லை. ஓடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

#13 கறுப்புமை

வந்துவிட்டது. போனை எடுக்காதது மேலே இருக்கும் கோபத்தைக் களைப்பு என்று பெயர் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், தம்பி.

கோபம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. நான் அரசியலுக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். ஆனால் கோபத்துக்கு வேலை கொடுக்காவிட்டால் அது நம்மையே தின்னும். அந்த விண்ணப்பத்துக்கு வேட்பாளர் எதற்கு? அலுவலகத்துக்கு நேரில் போய், எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். அதில் தேதி முத்திரை விழுந்ததா என்று பாருங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாள் கெடு இருக்கிறது. 30 நாள் என்பது நீங்கள் விரும்பும் மாதிரியான எண்தானே?

தெம்பு இல்லை என்று ஒத்துக்கொள்வதும் தப்பில்லை. ஜசிந்தா ஆர்டர்ன் 2023 ஜனவரியில் நியூசிலாந்துப் பிரதமர் பதவியை விட்டபோது, இந்தப் பொறுப்புக்கு நியாயம் செய்யும் அளவுக்குத் தன்னிடம் இனித் தெம்பு இல்லை என்று நேராகச் சொன்னார். ஐந்து வருடப் பதவி, அதற்குள் பெருந்தொற்று, மசூதித் தாக்குதல், எரிமலை வெடிப்பு. எங்கள் தொழிலில் அந்த வாக்கியத்தைச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் நாற்காலியிலேயே காலியாகிப் போவார்கள்.

காந்தி வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை, பேசமாட்டார். பார்க்க வருபவர்களுக்குத் தாளில் எழுதிக் காட்டுவார். எத்தனை பெரிய தலைவர் வந்தாலும் திங்கள் திங்கள்தான். ஆன்மிகம் என்று சொல்வார்கள், சரி. எனக்கு அது ஒரு அரசியல்வாதி தானே வகுத்துக்கொண்ட ஓய்வுநாள் மாதிரியும் தெரிகிறது. விளையாட்டில் ஓய்வுக்காலத்தை அட்டவணை கொடுத்துவிடுகிறது. நமக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

#14 சதுரங்கப்பித்தன்

இரண்டு உலகத்திலும் இருந்த ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் வியா. 1995-ல் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பலோன் தோர் விருதை வாங்கியவர், ஆப்பிரிக்காவிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். லைபீரியாவில் 2005-ல் அதிபர் தேர்தலில் தோற்றார். 2011-ல் துணை அதிபருக்கு நின்று தோற்றார். 2017-ல் ஜோசப் போகாயைத் தோற்கடித்து அதிபர் ஆனார். வாரம் ஒரு ஆட்டம் ஆடிப் பழகியவர் ஒரு வெற்றிக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார். 2023-ல் அதே போகாய் திரும்பி வந்து, தன் 78-வது வயதில், அவரை ஜெயித்தார். வியா முழு முடிவு வருவதற்கு முன்பே போனில் வாழ்த்தினார். எனக்கு இந்தக் கதையில் வியாவை விடப் போகாய்தான் பிடிக்கும்.

#15 எண்கணக்கு

இந்த மாதிரிக் கதைகளில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மண்டேலா சிறை அறைக்குள் நின்ற இடத்திலேயே ஓடினார், 27 வருடம் தாக்குப்பிடித்தார் என்பது உண்மை. அதே சிறையில் அதே அளவு உறுதியோடு இருந்து, வெளியே வந்து யாரும் அறியாமல் போனவர்களும் இருந்தார்கள். ஜெயித்தவரின் பழக்கத்தை எடுத்து "இதுதான் ரகசியம்" என்று சொல்வதில் ஓட்டை இருக்கிறது. எட்வர்ட் டெசியின் 1971 சோதனை சின்னதுதான், மாணவர்கள் 24 பேர். புதிர் விடுவிக்கக் காசு கொடுத்து, பிறகு நிறுத்தியபோது அவர்கள் சும்மா இருக்கும் நேரத்தில் புதிரைத் தொடுவதே குறைந்தது. காசுக்கு முன்பு சும்மாவே ஆடிக்கொண்டிருந்தவர்கள்! நடுத்தூரம் அவர்களுக்கு 17 நிமிடம் என்பது அந்தக் காசு மாதிரி ஆகிவிட்டதோ என்று யோசிக்கிறேன். எண்ணைக் குறிவைப்பதற்கு முன்பு எதற்காக ஓடினீர்கள்?

#16 வெறும்பார்வை

கிண்டல் விட்டுட்டு ஒண்ணு கேக்குறேன். ஏன் தேடணும்? டென்னிஸ் வீராங்கனை ஆஷ் பார்டி 2022 ஜனவரியில ஆஸ்திரேலிய ஓபன் ஜெயிச்சாங்க. மார்ச் மாசம் ரிட்டையர். வயசு 25, உலகத்துல நம்பர் ஒன். உடம்புலயும் மனசுலயும் இனி கொடுக்க ஒண்ணும் இல்லை, போதும்னு சொல்லிட்டு சிரிச்சிக்கிட்டே போனாங்க. யாரும் சாகல. எங்க அப்பா முப்பது வருஷம் ஒரு கட்சிக்குக் கொடி கட்டினார். கடைசிப் பத்து வருஷம் பிடிக்காமலேதான் கட்டினார், விட்டா மானம் போயிடும்னு. அதைப் பாத்து வளந்தவன் நான். விட்டுத் தொலைக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேணும் பாஸ். அதைப் பத்தி இங்க யாரும் பேசல.

#17 கறுப்புமை

இந்த இழையில் எனக்கு உறைத்த முதல் பதிவு இது.

#18 விசில்கிழவர்

வெறும்பார்வை தம்பி சொல்றது நியாயம். நானும் எத்தனையோ பிள்ளைங்களை "விட்டுடு, வேற பாரு"ன்னு அனுப்பியிருக்கேன். ஆனா களைச்ச உடம்போட அந்த முடிவை எடுக்கக் கூடாது. பார்டி தெளிவா இருந்தாங்க, முன்னாடியே ஒரு தடவை விட்டுட்டு கிரிக்கெட் ஆடிட்டுத் திரும்பி வந்தவங்க, தன்னைத் தெரிஞ்சவங்க. நடுத்தூரம் தம்பிக்கு இன்னும் தெரியல.

நான் செய்யச் சொல்றது இதுதான். ரத்த முடிவு வரட்டும். ரெண்டு வாரம் ஓட்டமே வேணாம். கோலி 2022-ல ஒரு மாசம் பேட்டையே தொடலன்னு சொன்னார். திரும்பி வந்து ஆசியக் கோப்பையில சதம் அடிச்சார், ஏறக்குறைய மூணு வருஷத்துக்கு அப்புறம். ஓய்வுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், எண்கணக்கு தம்பி சண்டைக்கு வந்துடுவார். ரெண்டு வாரம் கழிச்சு வாட்ச் இல்லாம ஓடுங்க, மெதுவா, பேசிக்கிட்டே ஓடுற வேகம். மூணாவது நாளோ நாலாவது நாளோ கையைத் திருப்பி வெறும் மணிக்கட்டைப் பாப்பீங்க, நேரம் என்னன்னு. அப்படிப் பாத்தா ஆசை இன்னும் இருக்கு. பாக்கவே இல்லைன்னா அதுவும் ஒரு பதில்தான்.

#19 நடுத்தூரம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். ஃபெரிட்டின் 14. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இதோட எப்படி ஓடினீங்க?" என்றார். ஓடவில்லை டாக்டர், அதுதான் பிரச்சினை என்றேன். மாத்திரை ஆரம்பித்து நான்கு வாரம். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை.

அந்தப் பெரியவரோடு அலுவலகத்துக்குப் போனேன். முதல் நாள் "ஆள் இல்லை", இரண்டாவது நாள் "வேறு பிரிவு", மூன்றாவது நாள் ஒப்புகை. விண்ணப்பத்தில் பிறந்த தேதி ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் இன்னொரு மாதிரி இருந்ததால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்ல ஆளில்லாமல் ஐந்து மாதம். திருத்திக் கொடுத்துவிட்டோம். பணம் இன்னும் வரவில்லை. கிளைக் கூட்டத்துக்கும் போனேன். தேர்தலில் நாங்களே அடித்த துண்டறிக்கையைக் கொண்டு போனேன், அதில் பதினொரு வாக்குறுதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் சரி, சுழி, கேள்விக்குறி போட்டுச் சுவரில் ஒட்டினேன். பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேர் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். இந்த வேலையை ஆறு மாதம் செய்வேன், பிறகு ஒரு மாதம் கட்சிப் பக்கமே வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். செயலாளர் சிரித்தார்.

ஓட்டம்: எட்டு நாள் வாட்ச் இல்லாமல் ஓடியிருக்கிறேன். சார், மணிக்கட்டைப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். ஆறாவது நாள் பார்த்தேன். ஆனால் அது பின்னால் வந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் என்னைத் தாண்டிப் போனதால். இது கணக்கில் வருமா?

#20 விசில்கிழவர்

வரும்.

#21 வெறும்பார்வை

பையனைப் பிடிச்சீங்களா?

#22 நடுத்தூரம்

இல்லை. அடுத்த திருப்பம் வரைக்கும் முயற்சி செய்தேன்.

#23 நீர்க்கோடு

விசில்கிழவர் சார், ஃபெரிட்டின் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? எனக்கில்லை, பக்கத்து லேன்காரிக்கு. பத்து நாளாக என் பின்னாலேயே வருகிறாள், ஜெயிப்பதில் ஒரு சுவாரசியமும் இல்லை.